நான்கு கமராவில் ஒன்று

விசுவமடு
21.01.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் இவரும் நல்ல சுகம். அந்தக் குளிருக்குள்ள நீங்கள், அண்ணை, பிள்ளையள் ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு எழுதிறன்.

கடிதத்தைக் கண்டதும் ஆரெண்டு யோசிப்பியள். நான் தேனுகா. உங்கட மனுசன்ர தங்கச்சி. உங்களுக்குக் கலியாணம் நடந்து பதினொரு வருசமாச்சு, நான் உங்களோட ஒரு வசனம் கதைச்சதில்லை. அண்ணை என்னோட கதைக்கிறதில்லை. அதால நீங்களும் கதைக்கேலாமல் போச்சு. அதில உங்களில ஒரு பிழையும் இல்லை. புளியங்குளத்தில உங்கட அம்மாவைக் கண்டு விலாசம் கேட்டனான். அவாதான் நீங்கள் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூட விலாசத்தைத் தந்தவா. போனில எழுதினால் அண்ணையின்ர கண்ணில பட்டிடும்.

விசயத்துக்கு வாறன். நான் இஞ்ச யோகநாதன் அண்ணையின்ர கடையில போன் திருத்திறனான். போன மாதம் ஸ்கிறீன் வாங்க வவுனியாவுக்குப் போன இடத்தில, பழைய இரும்புக் கடை ஒண்டில ஒரு கமராவைக் கண்டன். மேல ஒண்டு கீழ ஒண்டாய் ரெண்டு லென்ஸ் வைச்ச பெட்டிக் கமரா. நெஞ்சோட பிடிச்சுக் குனிஞ்சு பாத்துப் படம் எடுக்கிறது. எங்கட அப்பா வயலும் செய்து கலியாணப் படமும் எடுத்தவர். அவரிட்ட இருந்ததும் அச்சொட்டாய் இதுதான்.

இது இப்ப வேலை செய்யாது. பிலிமைச் சுத்திற பல்லுச் சில்லு தேய்ஞ்சுபோச்சு. ஷட்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. உள்ளுக்கு இருக்கிற கண்ணாடி கறுத்துப்போச்சு. இதுக்குப் புதுச் சாமான் இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லை. இதே மாதிரிச் செத்த கமரா இன்னொண்டு கிடைச்சால், அதின்ர சாமானைக் கழட்டி இதுக்குப் போடலாம். உங்கட பக்கத்தில ஞாயிற்றுக்கிழமையில பழைய சாமான் சந்தை நடக்குமாமே. கமராவின்ர பேரையும் படத்தையும் இதுக்குள்ள வைச்சிருக்கிறன். கண்ணில பட்டால் எடுத்து அனுப்புவியளோ?

அண்ணைக்குச் சொல்ல வேண்டாம். திருத்தி முடிச்சு அவரிட்டத்தான் குடுக்கப் போறன். ஏனெண்டு மட்டும் கேக்காதேங்கோ.

பிள்ளையளுக்கு இந்த மாமியின்ர அன்பு.

தேனுகா


டோர்ட்முண்ட்
25.02.2024

அன்பு மச்சாள் தேனுகாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குத்தான் இருமல். உங்கள் சுகமும் மச்சானின் சுகமும் இனி நேரே உங்களிடமே கேட்கலாம் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பிரித்தேன். பிள்ளைகளைச் சொல்வதெழுதுதல் கொப்பியை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். "ரீச்சர், சொல்லுங்கோ" என்று அவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

தேனுகா, எங்கள் கலியாணப் படங்களில் அவருடைய பக்கத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. ஒருமுறை கேட்டேன். "கமராவைத் தண்ணிக்குள்ள எறிஞ்சவளோட எனக்குக் கதை இல்லை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எந்தத் தண்ணீர், எப்போது, ஏன்? நீங்கள் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கிறேன்.

மூன்று ஞாயிறு சந்தைக்குப் போனேன். மரக்கறி வாங்கப் போவதாகச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு கிடைத்தது. முன் லென்ஸ் உடைந்திருந்தது. விற்ற கிழவர் நல்ல மனிதர், "அம்மா, இது செத்துப்போனது" என்று எச்சரித்தார். "எனக்குச் செத்ததுதான் வேண்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நிலக்கீழ் அறையில் வெங்காயப் பெட்டிக்குள் ஒரு கிழமை ஒளித்து வைத்து, இன்று அனுப்புகிறேன். வெங்காய மணம் அடித்தால் மன்னிக்கவும்.

உங்கள்
கௌசலா


விசுவமடு
07.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவற்ற இருமல் சுகமோ? இஞ்ச வெய்யில் எண்டால் தாங்கேலாத வெய்யில். மற்றும்படி நாங்கள் நல்லாயிருக்கிறம்.

பாசல் கிடைச்சுது! வெங்காய மணம் அடிச்சுதுதான். கடை மேசையில வெள்ளைத் துணி விரிச்சு ரெண்டு கமராவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சன். யோகநாதன் அண்ணை வந்து பாத்திட்டு, "பிள்ளை, இது பிரேத பரிசோதனையோ?" எண்டு கேட்டார்.

உங்கட கமராவில பல்லுச் சில்லு நாலும் புதுசு மாதிரி. ஒவ்வொரு ஆணியும் எந்த ஓட்டையால வந்தது எண்டு மட்டையில கீறி, அந்த அந்த இடத்திலயே குத்தி வைச்சுக் கழட்டினன். மூண்டு நாள் எடுத்துது. சில்லை மாத்திப் பூட்டிக் கைபிடியைச் சுத்தினன், அண்ணி. ஒரு சுத்து, ஒரு "டிக்". பிறகு அடுத்த சுத்து, அடுத்த "டிக்". பன்ரண்டு படத்துக்கும் எண்ணிக்கை பிசகாமல் நிண்டுது. நான் போட்ட சத்தத்தில றோட்டால போன சனம் எட்டிப் பாத்தது.

கண்ணாடிக்கு என்ன செய்தனான் தெரியுமோ? இதுக்குச் சாதாரண முகக்கண்ணாடி சரிவராது, உருவம் ரெண்டாய்த் தெரியும். ரசம் மேற்பக்கத்தில பூசின கண்ணாடி வேணும். கடையில பழுதாய்ப் போன போட்டோக் கொப்பி மெசின் ஒண்டு மழை நனையக் கிடந்தது. அதுக்குள்ள அந்தக் கண்ணாடிதான் இருக்கு. அளவா வெட்டி ஒட்டியாச்சு. மேல் தோலுக்கு ஓட்டோ சீற் தைக்கிற றெக்சின். இவர், பிரதாபன், அதைப் பாத்திட்டு "இனி மீற்றரும் பூட்டினால் ஹயருக்கு விடலாம்" எண்டு பகிடி.

ஷட்டர்தான் இன்னும் தலையிடி. என்ரதில ஸ்பிரிங் முறிஞ்சு, மூடித் திறக்கிற தகடுகளில துரு. நீங்கள் அனுப்பினதில லென்ஸ் அடிபடேக்க ஷட்டரும் நசுங்கிப்போச்சு. இன்னுமொரு கமரா வேணும். கேக்க வெக்கமாத்தான் இருக்கு.

புதுவருச வாழ்த்துக்கள்.

தேனுகா


டோர்ட்முண்ட்
05.05.2024

அன்பு தேனுகா,

நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

இன்னொரு கமரா அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ஒரு கடையில் கேட்டு வாங்கினேன். பெயர் சரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

ஒரு புதினம். என் சித்தப்பாவின் மகள் லக்சிகாவுக்குப் புளியங்குளத்தில் கலியாணம். செப்ரெம்பர் எட்டாம் திகதி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் நான் வர முடியாது. எங்கள் குடும்பத்துக்காக அவர் வருகிறார். ரிக்கற் போட்டாகிவிட்டது. நாட்டை விட்டு வந்த பிறகு இதுதான் முதல் முறை.

"விசுவமடுவுக்கும் போவீங்களோ?" என்று கேட்டேன். "எனக்குப் புளியங்குளத்தில மட்டும்தான் அலுவல்" என்றார். புளியங்குளத்திலிருந்து உங்களிடம் ஒன்றரை மணித்தியால ஓட்டம்தானே. அதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

கமராவை அதற்குள் முடித்து விடுவீர்களா?

கௌசலா


விசுவமடு
02.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கட கடிதத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைச்சு நாளுக்கு நாலு தரம் பாக்கிறன். செப்ரெம்பர் எட்டு. முடிப்பன். நாங்கள் சுகம். சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்திட்டினம், இவர் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வாறார்.

கோவிக்காதேங்கோ, நீங்கள் அனுப்பின ரெண்டாவது கமரா பேர் ஒண்டு, அளவு வேற. சின்ன பிலிமுக்குச் செய்தது. அதின்ர ஷட்டர் இதுக்குப் பொருந்தாது. ஆனாலும் வீண் இல்லை. நாலு ஆணியும் ஒரு மூடியும் எடுத்தன்.

மற்ற வேலையெல்லாம் முடிஞ்சுது. லென்சில பூஞ்சணம் வலை பின்னினது போல கிடந்தது, அதைத் துடைச்செடுத்தன். போன கிழமை இவர் என்னை மோட்டச் சைக்கிளில இரணைமடுக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூரத்துக் காட்சி சரியாய் விழுதோ எண்டு பாக்க வெட்டவெளி வேணும். பிலிம் வாற இடத்தில மங்கலான ஒட்டு நாடா ஒட்டி, ஷட்டர் தகடுகளை விரல்நுனியால திறந்து வைச்சுப் பாத்தன். அக்கரை மரங்கள் தலைகீழாய், இலைக்கு இலை வெட்டினது போல விழுந்துது. மீன் பிடிக்க வந்த ஆக்களும் ஒவ்வொருத்தராய்க் குனிஞ்சு பாத்திச்சினம். "இதென்ன, குளம் கவிண்டு கிடக்கு" எண்டொருத்தர் கத்தினார்.

ஷட்டர் ஒண்டுதான் இனி. அதில்லாட்டில் இது வடிவான பெட்டி மட்டும்தான்.

தேனுகா


விசுவமடு
07.07.2024

அன்புள்ள அண்ணி,

சுகமோ? பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையே? ரெண்டு மாதமாய் உங்கட கடிதம் இல்லை. பள்ளிக்கூட விடுமுறையாய் இருக்கும் எண்டு இவர் சொல்லுறார். நானும் அப்பிடித்தான் நினைக்கப் பாக்கிறன்.

நான் ஏதும் கூடக் கேட்டிட்டனோ? அப்பிடியெண்டால் ஷட்டரை விடுங்கோ. சுகமாய் இருக்கிறம் எண்டு ஒரு வரி போட்டால் போதும்.

தேனுகா


விசுவமடு
01.08.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகமாய்க் காண வேணும்.

நேற்றுப் பாசல் வந்தது. கடிதம் ஒண்டும் இல்லை. பிலிம் டப்பாவுக்குள்ள பஞ்சு சுத்தி ஒரு முழு ஷட்டர். அதோட ஒரு தாளில பென்சிலால கீறின படம். எந்த ஆணி முதல், எந்த ஸ்பிரிங் பறக்கும், எந்த இடத்தில எண்ணெய் படக்கூடாது எண்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு போட்டு எழுதிக் கிடக்கு. நாலாம் இலக்கத்துக்குத் தலையில கோடு போட்டு எழுதிற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

படம் கீறினவருக்கு நன்றி சொல்லுங்கோ.

நீங்கள் கேட்டதுக்கு நான் பதில் எழுதேல்லை. இப்ப எழுதிறன். நீங்கள் வாசியுங்கோ. வேற ஆருக்கும் வாசிச்சுக் காட்டுறதெண்டால் அது உங்கட விருப்பம்.

2009 வைகாசி, சண்டையின்ர கடைசி நாள்கள். நந்திக்கடலைக் கடந்துகொண்டிருக்கிறம். தண்ணி எனக்கு நெஞ்சுக்கு மேல. அண்ணைக்குக் காலில காயம், காய்ச்சலில நினைவு வாறதும் போறதும். என்ர தோளில சாஞ்சு கிடந்தார். கமரா அவற்ற கழுத்தில. அப்பா செத்து, தாட்டு ஒன்பது நாள். அதுக்கு முதல் கிழமை அப்பா சேட்டில்லாமல் இருந்து சிரிச்சதை அண்ணை எடுத்தவர். அந்த ரோல் அதுக்குள்ளதான் கிடந்தது. அப்பாவின்ர வேற படங்கள் முழுக்க வீட்டோட போச்சு. அதுவும் எனக்குத் தெரியும்.

கரையில ஆமிக்காரர் சனத்தை வரிசையில விட்டுப் பையளைக் கொட்டிப் பாத்துக்கொண்டிருந்தவை. எங்களுக்கு முன்னால போன ஒரு ஆளிட்டக் கமரா இருந்தது. அவரைத் தனியக் கூட்டிக்கொண்டு போச்சினம். நாங்கள் தண்ணிக்குள்ள காத்து நிண்ட நேரம் முழுக்க நான் பாத்துக்கொண்டு நிண்டன். அவர் திரும்பி வரேல்லை.

நான் பட்டியை அண்ணையின்ர கழுத்தால கழட்டினன். கமராவை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தண்ணிக்குள்ள மெல்ல விட்டன். எறியேல்லை அண்ணி. விட்டனான்.

பிறகு கண் முழிச்சுக் கேட்டார். தண்ணிக்குள்ள போட்டிட்டன் எண்டு மட்டும் சொன்னன். உன்ர உயிருக்காகத்தான் எண்டு சொன்னால், அப்பாவின்ர கடைசிப் படத்தை இல்லாமல் செய்ததுக்கு அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டி வரும். அதை எந்த வாயால கேக்கிறது? எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. பிறகு வருசம் போகப் போக, சொல்லுறதுக்கு வழியே இல்லாமல் போச்சு.

ஷட்டரை நாளைக்குப் பிரிக்கப் போறன். ஸ்பிரிங் பறக்கக் கூடாது எண்டு வேண்டிக்கொள்ளுங்கோ.

தேனுகா


டோர்ட்முண்ட்
26.08.2024

என் அன்பு தேனுகா,

நாங்கள் எல்லோரும் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உறையை ஒட்டி, உங்கள் பெயரை எழுதி, அவருடைய பயணப்பெட்டிக்குள் அவர் கண்முன்னே வைக்கிறேன். புளியங்குளத்தில் யாரிடமாவது கொடுத்து அனுப்பக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆகவே, நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் உங்கள் அண்ணா உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

நான் ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பிள்ளைகள் நிலக்கீழ் அறையில் விளையாடப் போய் வெங்காயப் பெட்டியைக் கிளறிவிட்டார்கள். உங்கள் கடிதங்கள் அதற்குள்தான் இருந்தன. அவர் அங்கேயே நின்று எல்லாவற்றையும் வாசித்தார். மேலே வந்து, "ரெண்டு பேருமாச் சேந்து என்னைப் பேயனாக்கிறியளோ?" என்று கத்தினார். அதற்குப் பிறகு பதினைந்து நாள் என்னோடும் பேச்சில்லை. உங்கள் கதிதான் எனக்கும்! அந்த நாட்களில் உங்களுக்கு எழுதினால் மறுபடியும் அவருக்கு ஒளித்துத்தான் எழுத வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் பயந்து எழுதிய அந்தச் சின்னக் கடிதம் வந்தபோது அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஒருவரிடமும் சொல்லாமல் யக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு கமராவோடு வந்தார். குசினி மேசையில் இருந்து அதைப் பிரித்து ஷட்டரை எடுத்தார். படத்தைக் கீறினார். சோறு ஆறிப்போனது. கடைசியில் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "தங்கச்சிக்கு லைட்டர் பெற்றோல் அங்க கிடைக்குமோ? அதாலதான் கழுவ வேணும்." இந்தப் பதினொரு வருஷத்தில் "தங்கச்சி" என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஒரு வரி எழுதி வைக்கட்டுமா என்றேன். வேண்டாம், சாமான் போகட்டும் என்றார்.

பிறகு உங்கள் கடைசிக் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன். நின்றுகொண்டே கேட்டார். "எறியேல்லை, விட்டனான்" என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நான் இவ்வளவு நாளும் எறிஞ்சவள் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவரைத் தனியே விட்டுவிட்டேன்.

இனி உங்கள் பாடு.

கௌசலா


விசுவமடு
12.09.2024

அன்புள்ள அண்ணி,

உங்களுக்கும் பிள்ளையளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. வராது. உங்கட கடிதத்தைக் கையில வாங்கித்தான் வாசிச்சன்!

முதலாம் திகதி பின்னேரம். நான் விறாந்தையில கமராவை வைச்சுக்கொண்டு இருக்கிறன். வான் ஒண்டு வந்து நிக்குது. இவர் படலையடிக்குப் போய்ப் பாத்திட்டு, என்னைத் திரும்பிப் பாத்தார். எழும்பிப் பாத்தன். அண்ணை. முன்தலை முழுக்க வெளிச்சுப்போச்சு அண்ணி, நீங்கள் ஒரு சொல் எழுதேல்லையே.

படலைக்குள்ள வந்து கடிதத்தை நீட்டினார். "கௌசலா தந்தவா."

வாங்கினன். பிரதாபன் கதிரையைக் கொண்டுவந்து வைச்சிட்டுத் தேத்தண்ணி போடுறன் எண்டு குசினிக்குள்ள ஓடிட்டார். அண்ணை மேசையைப் பாத்தார்.

"ஷட்டர் போட்டிட்டியோ?"

"ஓம். எல்லா வேகமும் சரி. ஒரு செக்கன் வேகம் மட்டும் இழுக்குது."

பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு நாங்கள் கதைச்ச முதல் கதை இதுதான்.

கமராவைத் தூக்கிக் காதில வைச்சு அமத்தினார். "எண்ணெய் கூடிப்போச்சு" எண்டார். இல்லை, எண்ணெய் போடவே இல்லை, உள்ள ஒரு சில்லில பல்லு வளைஞ்சிருக்கு எண்டு நான் சொன்னன். "நான் பாத்துத்தானே அனுப்பினனான்" எண்டு அவர். "பாத்தியள், அளக்கேல்லை" எண்டு நான். வெளிச்சம் பட்டால் காட்டுற சின்னப் பொருள் ஒண்டைப் போனோட பூட்டி வைச்சிருக்கிறன். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து நிக்குது எண்டு அது கோடு கீறிக் காட்டும். காட்டினன். ஒண்டே முக்கால் செக்கன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில தடக்குது. எண்ணெய் எண்டால் அப்பிடி ஒரே இடத்தில தடக்காது. அண்ணை கன நேரம் அந்தக் கோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தார். "இதை ஆர் உனக்குக் காட்டித் தந்தது?" எண்டு கேட்டார். ஒருத்தரும் இல்லை எண்டன்.

அதிலயே இருந்து பிரிச்சம். அவர் ஆணியைக் கழட்ட நான் தட்டில அடுக்கினன். இந்தக் கமராவில முதல் கிடந்த துருப்பிடிச்ச ஷட்டரில அந்த ஒரு சில்லு மட்டும் நல்லாய் இருந்தது. அதை எடுத்துப் போட்டம். ஒரு செக்கன் எண்டால் ஒரு செக்கன். போனில கோடு நேராய் நிண்டுது. பரிசு விழுந்த மனுசன் மாதிரிப் பிரதாபன் வேலியால தலையை நீட்டிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கூப்பிட்டுச் சொல்லுறார், "சரி வந்திட்டுது, சரி வந்திட்டுது" எண்டு.

அண்ணை மேல் மூடியைத் திறந்து குனிஞ்சு என்னைப் பாத்தார். முகம் கமராவுக்குள்ள. அப்பிடியே இருந்துகொண்டுதான் சொன்னவர்:

"அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால்?"

"அப்பவும் சண்டை பிடிச்சிருப்பன்." கைபிடியை ஒரு சுத்துச் சுத்தினார். "ஆனால் பதினைஞ்சு வருசம் பிடிச்சிருக்க மாட்டன்."

நான் அழுதனான் அண்ணி. அவரும்தான். நிமிரவே இல்லை, கமராவுக்குள்ள தண்ணி விழப்போகுது எண்டு நான் பறிச்செடுத்தன். அதுக்குப் பிறகு சிரிப்பு. இது உங்களுக்குத்தான் எண்டு சொல்லிப் பட்டியை நானே அவற்ற கழுத்தில போட்டன்.

கலியாணத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால கமராவைக் கழட்டி என்ர கையில தந்து, "படம் நீதான் எடுக்கிறாய்" எண்டார். பிலிம் ஒரேயொரு ரோல்தான், பன்ரண்டு படம். அங்க படம் பிடிக்க வந்தவை நாலு பேர், மேல ட்ரோன் வேற பறக்குது. அதில ஒரு பெடியன் என்ர பெட்டியைப் பாத்திட்டு, "அக்கா, இதுக்குச் சார்ஜ் எங்க போடுறது?" எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆனால் லக்சிகா மணவறையில இருந்து நான் குனியிறதைக் கண்டதும் நேராய் நிமிர்ந்து இருந்தா பாருங்கோ. நூறு கமராவுக்குக் காட்டாத முகத்தை இதுக்குக் காட்டினா. அதை எடுத்தன். உங்கட அம்மாவை எடுத்தன். பதினோராவது படத்துக்கு அந்தப் பெடியனே வந்து, "அக்கா, என்னையும் ஒண்டு எடுங்கோவன்" எண்டு நிண்டான். பன்ரண்டாவதை அவனிட்டக் குடுத்து அண்ணையும் நானும் நிண்டம்.

ரோலை அண்ணை கொண்டு வாறார். அங்கதான் கழுவ வேணும். ஒண்டும் விழாட்டிலும் பரவாயில்லை எண்டு அவருக்குச் சொல்லி அனுப்பினன். உங்களுக்கு உண்மையைச் சொல்லுறன். பன்ரண்டும் விழ வேணும்.

தேனுகா


டோர்ட்முண்ட்
20.10.2024

தங்கச்சி,

சுகமாய் இருப்பாய். பிரதாபனும் சுகமாய் இருப்பார். இஞ்ச கௌசலாவும் பிள்ளையளும் சுகம். கௌசலாதான் என்னைக் கதிரையில இருத்திப் பேனையையும் தந்தவா. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கொஞ்சத்தில முடிக்கிறன்.

பன்ரண்டும் விழுந்திருக்கு.

உறைக்குள்ள பன்ரண்டு படமும் வைச்சிருக்கிறன். எண்ணிப் பார். ஒண்டில கூட வெளிச்சம் கசியேல்லை. ஒண்டும் ஆடேல்லை. லக்சிகாவின்ர படத்தில நெற்றிப்பட்டத்துக் கல்லுகளை எண்ணலாம். மாமியின்ர படத்தைக் கண்டு கௌசலா அழுது முடிச்சு, இப்ப சுவரில மாட்ட ஆணி தேடுறா. கடைசிப் படத்தில நான் கண்ணை மூடிட்டன். நீ மூடேல்லை. அதையும் சேர்த்துத்தான் பன்ரண்டு.

கழுவினது இஞ்ச ஒரு பழைய கமராக் கடைக்காரர். நாப்பது வருசமாய் இதே தொழில். பிலிமை விளக்கில பிடிச்சுப் பாத்திட்டு, கமராவைக் காட்டச் சொல்லிக் கேட்டார். கொண்டுபோய்க் காட்டினன். எல்லா வேகத்தையும் தன்ர மெசினில வைச்சு அளந்தார். திரும்பவும் அளந்தார். இதை எந்த ஊரில குடுத்துத் திருத்தினது எண்டு கேட்டார். விசுவமடு எண்டன். அது எந்த நாட்டில எண்டு கேட்டு, சுவரில இருந்த உலகப் படத்தில தேடினார். இலங்கையே அதில ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில விரலை வைச்சு, ஆர் திருத்தினது எண்டார்.

என்ர தங்கச்சி எண்டு சொன்னன். ரெண்டு தரம் சொன்னன்.

அவர் உள்ளுக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினொரு கமரா. ஒருத்தரும் திருத்த மாட்டம் எண்டு கைவிட்டதுகள். எல்லாத்தையும் உன்னட்ட அனுப்பச் சொல்லிக் கேக்கிறார். எப்ப திருப்பித் தருவா எண்டும் கேட்டார்.

இப்ப அவையின்ர வயலில நெல்லு விதைக்கிற நேரம், அதை முடிச்சிட்டுத்தான் அவா கையை வைப்பா, பொறுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்.

அண்ணை
செந்தூரன்